மோவாப் பாறைகளும் ஊர்ந்தேறும் சிறு வண்டிகளும்

வேகத்தைப் போற்றும் காலம் இது. ஊர்தியாயினும் கருவியாயினும், எதை விற்பவரும் அதன் வேகத்தைச் சொல்லியே விற்கின்றார். பிள்ளைகளுக்கு நாம் வாங்கித் தரும் விளையாட்டுக் கார்களும் இதற்கு விலக்கல்ல. விசையை அழுத்தியதும் அம்பெனப் பாய்ந்து, சுவரில் மோதி, இரண்டாம் நாளே மூலைக்குப் போய்விடும் கார்களைக் காணாத இல்லம் உண்டோ?

ஆனால், மெல்லச் செல்ல வேண்டும் என்பதற்காகவே மாதக்கணக்கில் உழைத்துச் செய்யப்படும் சிறு வண்டி ஒன்று உண்டு. கையிலுள்ள கருவியிலிருந்து வானொலி அலை வழியே இயக்கப்படும் அவ்வண்டிக்கு ‘ராக் கிராலர்’ என்று பெயர். பாறையில் ஊர்ந்து ஏறுவது என்பது அதன் பொருள். பெரும்பாலும் உண்மை ஜீப்பின் பத்தில் ஒரு பங்கு அளவு. எடை இரண்டு அல்லது மூன்று கிலோ. மனிதன் நடக்கும் வேகம்கூட அதற்குத் தேவையில்லை. தன் உயரத்தைவிட உயர்ந்த பாறையில், பல்லி சுவரேறுவது போல் ஏறி நின்றால் போதும். இதற்கெனப் போட்டிகள் உண்டு, விதிகள் உண்டு, நடுவர்களும் உண்டு.

இவ்வண்டி எவ்வாறு உருவாகின்றது? அது ஏறும் பாறைகள் எத்தகையவை? அந்தப் பாறை நிலத்துக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை யாது? இவற்றை அறிய விரும்புவோர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள மோவாப் என்னும் சிற்றூரைப் பற்றி அறிதல் வேண்டும்.

செம்பாறை நாடு

யூட்டாவின் தலைநகரான சால்ட் லேக் சிட்டியிலிருந்து தென்கிழக்கே சுமார் 230 மைல் தொலைவில், கொலராடோ ஆற்றின் ஓரமாக அமைந்துள்ளது மோவாப். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரம். மக்கள் தொகை ஐயாயிரத்தை ஒட்டியதே. ஊருக்கு வடக்கே, இயற்கை செதுக்கிய கல் வளைவுகளுக்குப் புகழ்பெற்ற ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா உள்ளது. தென்மேற்கே, ஆறுகள் அறுத்த ஆழ்பள்ளத்தாக்குகள் நிறைந்த கேன்யன்லேண்ட்ஸ் பூங்கா. கிழக்குப் புறத்தில் 12,000 அடிக்கும் மேல் உயர்ந்த லா சால் மலைச்சிகரங்கள் பனிமுடி தரித்து நிற்கின்றன. கீழே செந்நிறப் பாறை, மேலே வெண்பனி, அதற்கும் மேலே நீலவானம். கண்கொள்ளாக் காட்சி என்பது இதற்கே தகும்.

ஊரின் பெயர் நமக்குப் புதிதன்று. சாக்கடலுக்குக் கிழக்கே பண்டைக் காலத்தில் இருந்த நாடு மோவாப். இன்றைய ஜோர்டானின் கரக் நகரம் அந்நிலப் பகுதியிலேயே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யூட்டாவில் குடியேறியோர், பைபிளில் தாம் படித்த அப்பெயரைத் தம் பாலைவன ஊருக்கு இட்டனர் என்பர்.

ஊரைச் சூழ்ந்த பாறைகளுக்கு ‘ஸ்லிக்ராக்’ என்று பெயர். வழுக்குப் பாறை என்று சொல்லலாம். ஆனால் அவற்றின் மீது செருப்பணிந்து நடப்பவர் வழுக்குவதில்லை. உப்புத்தாள் போன்று சொரசொரப்பான மணற்கல் அது. பின்னர் இப்பெயர் வந்தது எப்படி? அக்காலத்தில் இங்கு வந்தோர் குதிரைகளில் வந்தனர். குதிரையின் இரும்பு லாடம் இப்பாறையில் பிடிமானம் இன்றிச் சறுக்கியது. எனவே வழுக்குப் பாறை என்றனர். இரும்புக்கு இடம் கொடாத பாறை, பிற்காலத்தில் ரப்பருக்கு இடம் கொடுத்தது. வன்மையான இரும்பு தோற்ற இடத்தில் மென்மையான ரப்பர் வென்றது என்னும் இவ்வொரு செய்தியில், நாம் காணப்போகும் வண்டியின் இரகசியம் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

இப்பாறையின் வரலாறு வியப்புக்குரியது. ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி பெரும் மணற்பாலையாக இருந்தது. காற்று குவித்த மணல்மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, புதைந்து, இறுகிக் கல்லாயின. நவாஹோ மணற்கல் என்று நிலவியலார் இதனை அழைக்கின்றனர். இன்றும் அப்பாறைகள் மணல்மேட்டின் வளைவை இழக்கவில்லை. அலை எழுந்து அப்படியே உறைந்துவிட்டாற்போல் ஏறியும் இறங்கியும் கிடக்கின்றன.

தடங்கள் பிறந்த கதை

மனிதர் எளிதில் நுழைய முடியாத இந்நிலத்தில் வண்டித் தடங்கள் வந்தது எவ்வாறு? யுரேனியத்தைத் தேடியோரே பெரும்பாலும் அதற்குக் காரணமாவர். 1952-ஆம் ஆண்டில் சார்லஸ் ஸ்டீன் என்பவர் மோவாபுக்குத் தெற்கே செழிப்பான யுரேனியப் படிவத்தைக் கண்டறிந்தார். செய்தி பரவியது. அணு ஆயுதப் போட்டி மூண்டிருந்த காலம் அது. தாமும் செல்வந்தராகலாம் என்று ஆயிரக்கணக்கானோர் ஜீப்புகளிலும் லாரிகளிலும் வந்து குவிந்தனர். குன்றைக் குடைந்தனர், விளிம்புகளில் வழி வெட்டினர். சில ஆண்டுகளில் யுரேனிய வேட்கை தணிந்தது. வந்தவர் சென்றனர். அவர்கள் வெட்டிய தடங்கள் மட்டும் எஞ்சின.

அத்தடங்களை ஊரார் வீணாக்கவில்லை. 1967-இல் மோவாப் வணிகர் சங்கம் ‘ஈஸ்டர் ஜீப் சஃபாரி’ என்னும் ஜீப் பயணத்தைத் தொடங்கியது. வசந்த காலந்தோறும் அது இன்றும் நடந்து வருகின்றது. 1969-இல் மோட்டார் சைக்கிள்களுக்கென வழுக்குப் பாறையின் மீதே ஒரு தடம் வகுக்கப்பட்டது. பாறையின் மேல் தீட்டிய வெள்ளைக் கோடுகளே அங்கு வழிகாட்டி. பிற்காலத்தில் மலைச் சைக்கிள் ஓட்டுவோர் உலகெங்கிலுமிருந்து அதனைத் தேடி வந்தனர். அருகிலேயே ‘ஹெல்ஸ் ரிவெஞ்ச்’ என்னும் ஜீப் தடம் உள்ளது. ‘நரகத்தின் பழிவாங்கல்’ என்று பொருள்படும் அப்பெயரே அதன் செங்குத்தை உணர்த்திவிடும்.

இவ்வாறு பாறையேறும் ஜீப்புகளுக்கு 1990-களின் பிற்பகுதியில் முறையான போட்டிகள் தோன்றின. முன்னே வருபவர் வெல்லும் பந்தயம் அன்று அது. குறித்த வழியில், குறைந்த தவறுகளுடன் ஏறி முடிப்பவரே வென்றவர். ஆனால் ஒரு முழு ஜீப்பைப் பாறைக்கேற்ப மாற்றியமைக்கப் பெரும் பொருள் வேண்டும். உருண்டால் பொருளோடு உயிருக்கும் ஆபத்து. இவ்விரண்டும் இல்லாமல் அதே கலையைப் பயில வழியுண்டா என்று சிந்தித்தவர்கள் தம் வீட்டு மேசையின் மீதே விடை கண்டனர்.

கையால் கட்டிய முதல் வண்டிகள்

ஜப்பானின் தாமியா நிறுவனம் 1987-இல் ‘கிளாட் பஸ்டர்’ என்னும் பெருஞ்சக்கர விளையாட்டு லாரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார் என இரு மோட்டார்கள் அதில் இருந்தன. நான்கு சக்கரங்களும் திரும்பின. மேடையில் துள்ளுவதற்கென்று செய்யப்பட்ட அந்த லாரியின் அச்சுகளை மட்டும் கழற்றியெடுத்து, அலுமினியத் தகட்டை அறுத்துத் தாமே சட்டகம் செய்து, நீண்ட இணைப்புக் கம்பிகளைப் பொருத்திப் பாறையில் ஏற்றினர் ஆர்வலர்கள். 2000-க்குப் பின் வந்த தொடக்க ஆண்டுகளில் இத்தகைய வண்டிகளே களத்தை ஆண்டன. கடையில் வாங்க இயலாத ஒன்றைக் கையால் செய்துகொண்டனர் அவர்கள்.

பின்னர் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. கலிஃபோர்னியாவில் தோன்றிய ஆக்சியல் நிறுவனம் பாறைக்கென்றே வடிவமைத்த உதிரிப்பாகத் தொகுப்புகளை விற்றது. 2017-இல் டிராக்சஸ் நிறுவனத்தின் டி.ஆர்.எக்ஸ்-4 வந்தது. இன்று பெட்டியைத் திறந்தவுடன் ஓடும் வண்டிகள் ஏராளம். எனினும் போட்டிக்குச் செல்வோர், வாங்கிய வண்டியை வாங்கியபடியே ஓட்டுவது அரிது. ஏதேனும் ஒன்றைக் கழற்றுவர். ஏதேனும் ஒன்றைச் சேர்ப்பர். முழுவதையும் தாமே கட்டுவோரும் உளர். அக்கட்டுமானத்தைச் சற்று விரிவாகக் காண்போம்.

வண்டி உருவாகும் முறை

முதலில் சக்கரங்களைப் பிணைக்கும் கியர். சாலையில் ஓடும் கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் சுழல வேண்டும். அதற்கென அச்சின் நடுவே ‘டிஃபரென்ஷியல்’ என்னும் கியர் அமைப்பு இருக்கின்றது. சாலைக்கு உதவும் அது பாறைக்கு உதவாது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் விசை முழுவதும் அதற்கே சென்று, அது வீணே சுழலும். தரையைப் பற்றிய சக்கரமோ அசையாது நிற்கும். ஆகவே கிராலர் கட்டுவோர் இரு சக்கரங்களும் எப்போதும் ஒன்றாகவே சுழலுமாறு அதனைப் பூட்டிவிடுகின்றனர். இதற்கெனத் தனிப்பாகம் விற்பதற்கு முன், அந்தச் சிறு கியர்களின் பற்களுக்கிடையே எபாக்ஸி பசையை ஊற்றி இறுகச் செய்வதும் வழக்கமாயிருந்தது.

இரண்டாவது மோட்டார். வேகக் கார்களின் மோட்டாரில் கம்பிச் சுற்றுகள் குறைவு. கிராலர் மோட்டாரில் சுற்றுகள் மிகுதி. 35, 45, 55 சுற்றுகள் கொண்ட மோட்டார்களை இவர்கள் விரும்புகின்றனர். சுற்று கூடக் கூட, அதே மின்னழுத்தத்தில் மோட்டார் மெதுவாகச் சுழலும். விசையை நூலளவு அழுத்தினால் வண்டியும் நூலளவே நகரும். அதன் பின்னுள்ள பற்சக்கரங்கள் வேகத்தை மேலும் குறைத்து, இழுக்கும் திறனைப் பெருக்குகின்றன. மேடேறும் சைக்கிளில் சிறு கியருக்கு மாற்றுவது போன்றதே இது. விசையை விட்டவுடன் பாறைச் சரிவிலும் வண்டி அப்படியே நிற்க வேண்டும். அதற்கென மின்வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் தானாகப் பிடித்துக்கொள்ளும் பிரேக் அமைப்பு உண்டு.

மூன்றாவது டயர். இதில்தான் வெற்றியும் தோல்வியும் பெரிதும் தங்கியுள்ளன. இந்த டயருக்குள் காற்று இல்லை, நுரைப்பஞ்சே உள்ளது. அதன் உள்வட்டம் சற்று உறுதியாகவும், வெளிவட்டம் மிக மென்மையாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் டயர் பாறையின் முனையில் நசுங்கி, அதன் வடிவத்தைத் தான் ஏற்று, இறுகப் பற்றும். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறச் சக்கரத்தில் சிறு துளையும் இடுவர். ரப்பரின் கலவையும் மென்மையானதே. மென்மையான ரப்பர் விரைவில் தேய்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் தேயாத ரப்பர் பற்றுவதில்லை. தன்னைச் சிறிது இழக்க இசைவதே பாறையைப் பற்றுகின்றது.

நான்காவது எடை. எடையைக் கூட்டினால் வண்டி ஏறுமா என்று ஐயுறலாம். எடையை எங்கே வைக்கின்றோம் என்பதே வினா. செங்குத்தில் ஏறும் வண்டியின் பாரம் பின்சக்கரங்களுக்குச் சாய்கின்றது. முன்சக்கரங்கள் தரையை விட்டு எழுகின்றன. வண்டி மல்லாந்து விழுகின்றது. எனவே மொத்த எடையில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு முன் அச்சின் மீது இருக்கும்படி அமைப்பது பலரது வழக்கம். மேலும் எடை கீழே இருத்தல் வேண்டும். கார் டயர்க் கடைகளில் சக்கரச் சமநிலைக்கு ஒட்டப்படும் ஈயத் துண்டுகளை முன்சக்கரங்களின் உள்ளே ஒட்டியே தொடக்க காலத்தவர் இதனைச் சாதித்தனர். இப்போது பித்தளையால் ஆன அச்சுப் பாகங்கள் கிடைக்கின்றன. பாட்டரியைக்கூட நடுவில் வைக்காமல் முன்னே தாழ்த்தி வைக்கின்றனர். மேலே இருக்கும் கூடோ, காகிதம் போன்று மெல்லிய பாலிகார்பனேட் தகடு. உட்புறத்தில் வண்ணம் தீட்டுவதால், பாறையில் உரசினும் அழகு குலைவதில்லை.

ஐந்தாவது, அச்சையும் சட்டகத்தையும் இணைக்கும் அமைப்பு. அச்சு ஒவ்வொன்றையும் நான்கு கம்பிகள் தாங்குகின்றன. கம்பிகளின் இரு முனைகளிலும் பந்துமூட்டுகள். ஆகவே முன் அச்சு வலப்புறமும் பின் அச்சு இடப்புறமும் சாய்ந்தாலும் நான்கு சக்கரங்களும் தரையை விடுவதில்லை. இக்கம்பிகளின் நீளத்தையும் கோணத்தையும் ஓரிரு மில்லிமீட்டர் மாற்றினாலும் வண்டியின் குணம் மாறிவிடுகின்றது. ஆகவேதான் கட்டுவோர் ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஒரு கம்பியைக் கழற்றி, மாட்டி, மீண்டும் கழற்றிக் கொண்டிருக்கின்றனர். ஒரே வேளையில் இரண்டை மாற்றினால் எதனால் நன்மை விளைந்தது என்று அறிய இயலாது. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், குறித்து வை, பின் அடுத்ததை மாற்று. இதுவே அவர்கள் கைக்கொள்ளும் நெறி. கல்வி கற்பிப்போரும் கற்போரும் நெஞ்சில் கொள்ளத்தக்க நெறி அன்றோ இது!

இறுதியாக, செய்தியைச் சுமக்கும் வானொலி அலை. முற்காலத்தில் 27 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில், படிகங்களை மாற்றி மாற்றிப் பொருத்தி இயக்கினர். அருகிலுள்ள இருவர் ஒரே அலைவரிசையில் இருந்தால் ஒருவர் கட்டளைக்கு மற்றவர் வண்டி ஓடும். இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் தம் வண்டியை மட்டும் அடையாளம் கண்டு இணைகின்றன. பலர் ஒரே பாறையில் நின்று இயக்கினும் குழப்பம் இல்லை.

போட்டிக் களத்தில்

போட்டி வண்டிகளைச் சக்கர அளவால் வகைப்படுத்துகின்றனர். டயர் பொருந்தும் வளையத்தின் விட்டம் 1.9 அங்குலம் எனில் ஒரு வகை, 2.2 அங்குலம் எனில் மற்றொரு வகை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான நீளத்துக்கும் எல்லை உண்டு. அமெரிக்கப் போட்டி விதிகளில் 2.2 வகைக்கு அது 12.5 அங்குலம். பின்சக்கரங்களைத் திருப்பவும், பின் அச்சை மட்டும் நிறுத்தி நின்ற இடத்திலேயே சுழலவும் உயர் வகுப்பில் இடமுண்டு. எளிய வகுப்பில் அத்தகைய உதவிகள் கட்டுப்படுத்தப்படுகின்றன. புதியவரும் பழையவரும் அவரவர் தரத்தில் போட்டியிட இது வழி செய்கின்றது.

பாறைமீது ஆங்காங்கே இரண்டிரண்டு குறிக்கம்புகள் நிறுத்தப்படுகின்றன. அவையே வாயில்கள். வண்டி நுழையும் அளவுக்கே இடைவெளி. ஓட்டுபவர் கையில் கருவியுடன் வண்டியின் பக்கமாக நடந்து வருகின்றார், வண்டியைத் தொடலாகாது. நடுவர் பின்தொடர்ந்து குற்றப்புள்ளிகளைக் குறித்து வருகின்றார். பரவலாகப் பின்பற்றப்படும் முறையில், ஒருமுறை பின்வாங்கினால் ஒரு புள்ளி. வாயிற் கம்பைத் தொட்டால் பத்துப் புள்ளிகள். உருண்ட வண்டியைக் கையால் நிமிர்த்தினால் அதற்கும் தண்டனை உண்டு. மிகக் குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். ஆம், இப்போட்டியில் எதையும் சேர்ப்பதில்லை. பிழையைக் குறைப்பதே வெற்றி.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பின்வாங்கினால் ஒன்று, கம்பில் மோதினால் பத்து. ஆகவே, தாம் தவறான வழியில் செல்வதை உணர்ந்தவர் உடனே ஒரு புள்ளியை இழந்து பின்வாங்குகின்றார். வீம்புக்காக முன்னேறுபவர் பத்தை இழக்கின்றார். அனுபவமுள்ளோர் கருவியைத் தொடுவதற்கு முன்பே பாறையைக் கண்ணால் படிக்கின்றனர். எந்தச் சக்கரம் எந்தப் பள்ளத்தில் இறங்கும், அப்போது எந்தச் சக்கரம் எழும், எழுந்தது எங்கே சாயும் என்று எண்ணிய பின்னரே வண்டியை நகர்த்துகின்றனர்.

பாறைக்குப் பாறை குணம் வேறு. மோவாபின் மணற்கல் ரப்பரை நன்கு பற்றும். ஆனால் உதிர்ந்த மணல் மேலே படிந்திருந்தால் அதுவே சறுக்கும். கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலைகளில் உள்ளது கருங்கல். 1953 முதல் ஜீப் பயணங்கள் நடக்கும் ரூபிகான் தடம் அங்குதான் உள்ளது. அம்மலைத்தொடரிலுள்ள சிஸ்கோ குரோவ் என்னுமிடத்தில், 2010-களில் ‘ஆக்சியல்ஃபெஸ்ட்’ என்னும் பெயரில் சிறு கிராலர்களின் பெருங்கூட்டம் கூடியது. குடும்பத்தோடு கூடாரமிட்டுத் தங்கித் தந்தையும் மகனும், தாயும் மகளும் வண்டிகளுடன் பாறைகளைச் சுற்றி வந்தனர்.

காலடியில் ஓர் உயிர்

இனி, இக்கட்டுரையின் உயிரான செய்திக்கு வருவோம்.

மோவாபின் பாறைகள் பார்வைக்கு அழியாதவை. அவற்றின் இடையிடையே கிடக்கும் மணலோ வெறும் மணல் போன்றே தோன்றும். அதன் மேல் கறுத்து, மேடுபள்ளமாக, பொருக்குத் தட்டிய ஓர் அடுக்கு காணப்படும். அறியாதவர் அதனை அழுக்கு என்று எண்ணி மிதித்துச் செல்வர். உண்மையில் அது உயிருள்ளது. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களும், பாசிகளும், கற்பாசிகளும் கூடி வாழும் மேலோடு அது. நுண்ணுயிர்கள் நூலிழை போன்ற தம் பசைப்பொருளால் மணல்துகள்களைக் கட்டி வைக்கின்றன. காற்று மணலை அள்ளிச் செல்லாமல் அதுவே காக்கின்றது, மழைநீரைத் தேக்குகின்றது, காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்குகின்றது. அங்குள்ள ஜூனிப்பர் மரமும் குறும்புதரும் அதனை நம்பியே வாழ்கின்றன. ஒரே ஒரு காலடியில் அது நொறுங்கிவிடும். மீண்டும் முழுமையாக வளரப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

பாறைப் பள்ளங்களில் தேங்கும் மழைநீர்க் குட்டைகளும் அவ்வாறே. நீர் வற்றிய பின்னும் அடியிலுள்ள மண்ணில் நுண்ணிய இறால் வகைகளின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கின்றன. மழை வந்ததும் பொரித்து, நீர் வற்றுமுன் வாழ்ந்து, முட்டையிட்டு மறைகின்றன. அந்நீரில் கைகழுவினால் நம் உடலிலுள்ள எண்ணெயும் களிம்பும் அவற்றுக்குக் கேடாகும். எனில், வண்டியின் கிரீசைக் கழுவினால் என்னாகும்?

இங்கேதான் சிறு வண்டிக்காரரின் பொறுப்பு தொடங்குகின்றது. பெரிய ஜீப்புகளுக்கு எதிரான குரல் மோவாபில் வெகுநாளாக ஒலிக்கின்றது. 2023 செப்டம்பரில், ஊருக்கு வடமேற்கே உள்ள லேபிரிந்த், ஜெமினி பிரிட்ஜஸ் பகுதியில் 317 மைல் நீளத் தடங்களை மோட்டார் வண்டிகளுக்கு மூடுவதாக அந்நாட்டின் நில மேலாண்மைப் பணியகம் அறிவித்தது. ஜீப் பயணத்தை நேசிப்போர் அதனை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தனர். இருசாராரும் ஒரே நிலத்தை நேசிப்பவர்களே. ஒருவர் அதில் செல்ல விரும்புகின்றார். மற்றவர் அது நிலைக்க விரும்புகின்றார்.

‘எம் வண்டி மூன்று கிலோதானே, அதனால் என்ன தீங்கு?’ என்று கிராலர் கட்டுவோர் கேட்கலாம். வண்டியால் தீங்கு சிறிதே, உண்மைதான். ஆனால் அதன் பின்னே கருவியுடன் நடப்பவர் எழுபது கிலோ இருக்கின்றார். அவர் கண் வண்டியின் மீதே இருக்கின்றது; தம் கால் எங்கே படுகின்றது என்பதில் இருப்பதில்லை. வண்டி பாறையில் இருக்க, ஓட்டுபவர் பாறையை விட்டு இறங்கிப் பக்கத்து மணலில் கால் வைத்தால் போதும். ஒரு தலைமுறைக் காலம் வளர்ந்த மேலோடு நொறுங்கிப்போகும். தம் வண்டியின் ஒவ்வொரு சக்கரமும் எங்கே பதிய வேண்டும் என்று மில்லிமீட்டர் கணக்கில் எண்ணுபவர், தம் இரு கால்களுக்கும் அதே கணக்கைப் பார்க்க வேண்டாவா?

ஆகவே நல்ல ஓட்டுநர்கள் சில நெறிகளைக் கைக்கொள்கின்றனர். வண்டி மட்டுமன்று, தாமும் பாறையின் மீதே நடக்கின்றனர். பாறை இல்லாத இடத்தில் குறித்த தடத்திலோ, நீர் ஓடி வற்றிய மணல் ஓடையிலோ செல்கின்றனர். நீர்க்குட்டைகளைச் சுற்றிப் போகின்றனர். உடைந்த சிறு திருகாணியையும் பொறுக்கியெடுத்துக்கொள்கின்றனர். சவாலுக்காகக் கற்களைப் புரட்டி அடுக்குவதில்லை. போகும் இடத்தின் விதி யாது என்று முதலில் கேட்டறிகின்றனர். இவற்றுள் எதுவும் கடினமன்று. கவனம் ஒன்றே வேண்டும்.

செல்வோர் கவனத்திற்கு

அமெரிக்காவில் வாழும் மக்களையும் உறவினரையும் காணச் செல்லும் குடும்பத்தினர் அப்பக்கம் செல்ல வாய்க்குமாயின், வசந்த காலமோ இலையுதிர் காலமோ ஏற்றது. கோடையில் வெப்பம் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்; பாறையில் நிழல் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் அளவிலாவது தண்ணீர் எடுத்துச் செல்லுதல் நலம். சிறு வண்டியை விமானத்தில் கொண்டு செல்வோர், தனியாக உள்ள லித்தியம் பாட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் வைக்கலாகாது. கைப்பையிலேயே வைத்தல் வேண்டும் என்பது விமான விதி. அவற்றுக்கு மின்னேற்றும்போது ஆள் அருகில் இல்லாமல் விடுவதும் கூடாது. தீப்பற்றும் தன்மை அவற்றுக்கு உண்டு.

பிள்ளைகளுக்கு இவ்வண்டியை வாங்கித் தர விரும்பும் பெற்றோருக்கு ஒரு சொல். கட்டி முடித்த வண்டியைக் காட்டிலும், பிரித்த பாகங்களாக வரும் பெட்டியே நல்லது. ஒரு திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கினால் மரை கெடும் என்பதையும், முறுக்காமல் விட்டால் வழியில் கழன்றுவிடும் என்பதையும் பிள்ளை தன் விரலால் அறிந்துகொள்ளும். எங்கே உடைந்ததோ அதனைத் தானே சரிசெய்யவும் கற்கும். வண்டி முதன்முறையாகக் கல்லேறும் நாளில் தந்தையோ தாயோ உடனிருந்து, இரண்டு செய்திகளைச் சொல்லித் தருதல் வேண்டும். விசையை மெல்ல அழுத்து; நீ நிற்கும் இடத்தைப் பார்த்து நில்.